சித்தி வீட்டுப் பஞ்சம்

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, சித்தி வீட்டில் பஞ்சம் வர வேண்டும் என்று ஜெபித்தேன். வாய்க்குள் முணுமுணுத்து அல்ல. வெள்ளிக்கிழமை வேதபாடக் கூட்டத்தில், பெரியவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க, சத்தமாக. சித்தி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சொல்லப்போனால் அவள் திரும்பி வர வேண்டும் என்று எங்கள் வீட்டில் என் அளவுக்கு ஏங்கியவர்கள் யாருமில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பஞ்சத்தை நான் கேட்டது முறைப்படி கேட்டது. அந்த முறை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அப்பாவின் வேதபாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா ஆவடியில், ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். மற்றவர்கள் கடைந்து அனுப்புகிற உருப்படிகளை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் அனுப்புவதும் இல்லையென்றால் ஒதுக்குவதும் அவர் வேலை. அந்த வேலை அவரோடு குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்துவிடும். கத்தரிக்காயைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். என் பல்லை நான் சரியாகத் தேய்த்திருக்கிறேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். எதையாவது ஏற்றுக்கொண்டால் 'பாஸ்' என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மாவிலிருந்து நான் வரைக்கும் எல்லோரும் காத்திருப்போம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பிளாக்கில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கூடுவோம். பாட்டு, ஜெபம், அப்புறம் வேதபாடம், கடைசியில் டீயும் பிஸ்கட்டும். வேதபாடத்தை நடத்துவது அப்பா. அதுவும் உவமைகள் என்றால் அவருக்கு உயிர். இயேசு சொன்ன ஒவ்வொரு கதையையும் அவர் நட்டு வேறு போல்ட் வேறாகக் கழற்றுவார். அதற்கு 'உவமையைப் பிரிப்பது' என்று பெயர். என்னுடைய சிலேட்டுப் பலகையில் நடுவே ஒரு கோடு போடுவார். இடப்பக்கம் கதையில் வருவது, வலப்பக்கம் அதன் அர்த்தம். விதை என்றால் வசனம். வழியோரம் என்றால் கடினப்பட்ட மனசு. பறவைகள் என்றால் பிசாசு. இரண்டு பக்கமும் பொருந்தியதும் 'பாஸ்'. ஏதாவது ஒன்றுக்கு அர்த்தம் அகப்படாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. நல்ல சமாரியன் அடிபட்டவனை ஏற்றிக்கொண்டு போன மிருகத்துக்கு அர்த்தம் கிடைக்காமல் ஒரு கூட்டம் முழுவதும் ஓடி, டீ ஆறிப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிரித்து முடித்ததும், இந்தக் கதையில் நான் யார் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அது எங்கள் கூட்டத்தின் வழக்கம். விதைக்கிறவன் கதையன்று அறையில் இருந்த அத்தனை பேரும் நல்ல நிலமாக இருந்தார்கள். குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே இட்லிக் கடை வைத்திருந்த அக்கா ஒருத்திதான், "நான் முள்ளுச் செடிங்க நடுவுல கீறேன் பிரதர். காலைல அஞ்சு மணிக்கு எய்ந்தா ராத்திரி வரிக்கும் கவலதான்," என்றாள். அந்த அக்கா தொழிற்சாலைக் குடும்பம் இல்லை, இந்த ஊர்க்காரி. சபைக்குப் புதிதாக வந்தவள். அப்பா அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

நான் இந்தக் கலையில் சீக்கிரமே தேறிவிட்டேன். ஞாயிறு பள்ளியில் டீச்சர் கதை சொல்லி முடிப்பதற்குள் இடம் வலம் இரண்டையும் சொல்லிவிடுவேன். எல்லாக் கதைக்கும் ஒரு சாவி இருக்கிறது, அந்தச் சாவி எங்கள் வீட்டில் இருக்கிறது என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்த நிலைமையில்தான் சித்தி வீட்டை விட்டுப் போனாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அம்மாவைப் பெற்றவர்கள் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு, பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே எங்களோடு வந்துவிட்டவள். அப்பாதான் அவளைப் படிக்க வைத்தார். அப்பாதான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். "இது என் மூத்த பொண்ணு" என்று வெளியாட்களிடம் சொல்லுவார். அதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். ஆனாலும் சித்தியும் நானும் ஒரே கட்டிலில் படுப்போம். என் தலையைப் பின்னும்போது வலித்தால் எனக்கு முன்பே அவள் 'ஆ' என்பாள். அதற்காகவே அவளிடம் பின்னிக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்தக் கம்பெனிக்கு ஏசி ரிப்பேர் பார்க்க வந்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்பதும், அவர் சபைக்குப் போகிற ஆள் இல்லை என்பதும், ஆடி மாதம் வீட்டோடு அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அம்மாவின் ஒற்றை வாக்கியம்தான். "சித்திக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, இனிமே அங்கதான் இருப்பா, அப்பா முன்னாடி அவ பேச்சை எடுக்காத." இரண்டு நாள் கழித்து அப்பா சாப்பிட உட்காரும்போது, யாரையும் பார்க்காமல், "இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது," என்றார். எனக்கு அழுகை வந்தது. தட்டில் இருந்த ரசத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அலமாரியில் இருந்த சித்தியின் சுடிதார்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தன. துணி தானாகக் குறையுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் எங்கள் வீட்டு முறை வந்தது. அன்றைய பாடம் கெட்ட குமாரன் உவமை. அப்பாவிடம் தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசம் போன இளைய மகன், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, பஞ்சம் வந்து, பன்றி மேய்த்து, பன்றி தின்னும் தவிடும் கிடைக்காமல், வீட்டு ஞாபகம் வந்து திரும்பி வருகிற கதை. மற்ற கதைகளைப் பிரிக்கும்போது பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் அன்றைக்கு ரொம்ப அமைதியாக இருந்தார்கள். அம்மா அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பஞ்சத்துக்கு என்ன அர்த்தம்னு போடுறது பிரதர்?" என்று மேல்வீட்டு அங்கிள் கேட்டார்.

"பஞ்சம் தேவன் பயன்படுத்தின கருவி," என்றார் அப்பா. "அது வரலைன்னா அவன் வீட்டுப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டான். வயிறு காஞ்சாதான் புத்தி வரும்."

இட்லிக் கடை அக்கா கையைத் தூக்கினாள். "அதுக்கு முன்னாடியே அந்த அப்பன்காரரு போயி இட்டாந்திருக்கலாமே பிரதர்? புள்ள தவிடு திங்கற வரிக்கும் இன்னாத்துக்கு உடணும்?"

"தகப்பன் போக மாட்டார் சிஸ்டர். மகன்தான் எழுந்து வரணும். அதுதான் முறை."

"தூரத்துல பாத்ததும் ஓடிப் போயி கட்டிப் புட்சாருன்னு எய்திகீதே?"

"அவன் புறப்பட்டு வந்த பிறகுதானே ஓடினார்," என்று சொல்லிவிட்டு அப்பா சிலேட்டில் பஞ்சத்துக்கு நேரே 'கருவி' என்று எழுதினார். அன்று 'பாஸ்' சொன்னாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

மற்றவர்கள் போன பிறகு சிலேட்டு என் கைக்கு வந்தது. நான் அதைத் துடைத்துவிட்டு எங்கள் வீட்டைப் பிரித்தேன். தகப்பன் என்றால் அப்பா. அதில் சந்தேகமே இல்லை. இளைய மகன் என்றால் சித்தி. தூர தேசம் என்றால் வேப்பம்பட்டு. அம்மா போனில் ஒரு முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தேன். பன்றிகளின் சொந்தக்காரன் என்றால் அந்த ஏசி மெக்கானிக். ஒரு சில இடங்களில் இடித்தது. சித்தி பங்கு எதையும் பிரித்துக்கொண்டு போகவில்லை. மூத்த மகனுக்கு ஆள் கிடைக்கவில்லை. தம்பி திரும்பி வந்ததில் கோபப்பட்டு, விருந்துக்கு உள்ளே வர மாட்டேன் என்று வெளியே நிற்பானே, அவன். அம்மாவை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த இடத்தை நானே எடுத்துக்கொண்டேன். சித்தி வரும் நாளில் கொஞ்ச நேரம் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு உள்ளே ஓடிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஏற்பாடுகளையும் கவனித்தேன். கதையில் திரும்பி வந்த மகனுக்குத் தகப்பன் கொடுப்பதெல்லாம் வேண்டும். முதலில் உயர்ந்த வஸ்திரம். அம்மாவின் கல்யாணப் புடவை இருக்கிறது. மோதிரம் என்னிடமே இருந்தது, ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய சிவப்புக் கல் மோதிரம். காலுக்குச் செருப்பு, சித்தி விட்டுப்போன பழைய ஜோடியைக் கழுவிக் காயவைத்தேன். விருந்துக்கு அடிக்கும் கொழுத்த கன்றுக்குக் குவார்ட்டர்ஸில் வழியில்லை, கோழி போதும் என்று நானே ஏற்றுக்கொண்டேன். கல்யாணப் புடவையை அயர்ன் பண்ணி வைக்கச் சொல்லி அம்மாவிடம் போய் நின்றபோது அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

எல்லாம் தயார். பஞ்சத்தைத்தான் காணோம். அந்த வருஷம் மழை வேறு கொட்டித் தீர்த்தது. ஏரியெல்லாம் நிரம்பிவிட்டது என்று டிவியில் சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் எழுந்து டிவியை அணைத்தேன். தக்காளி விலை ஏறிவிட்டது என்று ஒரு நாள் சொன்னபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் அது அடுத்த வாரமே இறங்கிவிட்டது. இப்படியே போனால் சித்தி எப்போது வருவது? எனக்குச் சித்தி வேண்டும். தலை பின்னும்போது 'ஆ' என்று சொல்ல ஆள் வேண்டும். கருவி தேவனுடையது என்றால் தேவனிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் முடிவு ஜெபத்துக்கு முன்னால் பிள்ளைகள் ஆளுக்கொரு வரி ஜெபிப்பது உண்டு. பரீட்சை, காய்ச்சல், கைவிடப்பட்ட தெருநாய் என்று ஏதாவது கேட்போம். அன்றைக்கும் கூட்டம் எங்கள் வீட்டில்தான். முறைக்காரர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. என் முறை வந்ததும் எழுந்து நின்று கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

"கர்த்தாவே, எங்க சித்தி வீட்டுல சீக்கிரமா பஞ்சம் வரணும். அவங்களுக்குச் சாப்பாடே கிடைக்கக் கூடாது. தவிடுகூட கிடைக்கக் கூடாது. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் எனக்கு முன்பே திறந்திருந்தார்கள்.

"இன்னா பாப்பா இது," என்றாள் இட்லிக் கடை அக்கா, மெதுவாக. "யாரு உனுக்கு இப்டியெல்லாம் கேக்கச் சொல்லிக் குட்த்தது?"

"அப்பாதான்," என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "பஞ்சம் வந்தாதான் புத்தி வரும்னு அப்பாதான் சொன்னாங்க."

அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சிலேட்டைப் பார்த்தார். வேதபாடத்தில் அதுவரை ஒரு நாளும் வாயைத் திறக்காத அம்மா, அடுக்களை வாசலிலிருந்து கேட்டாள்: "அப்போ அன்னைக்கு நீங்க யாரை நெனச்சுச் சொன்னீங்க?"

அப்பா சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். மேல்வீட்டு அங்கிள் முடிவு ஜெபத்தைத் தாமாகவே செய்து முடித்தார். டீ வரவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். இட்லிக் கடை அக்கா மட்டும் அடுக்களைக்குள் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனாள். அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் தலையில் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார், படுக்கப் போய்விட்டார். நான் கேட்டதில் எது தப்பு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இடமும் வலமும் சரியாகத்தானே இருந்தன?

மறுநாள் சனிக்கிழமை. அப்பா ஓவர்டைம் போய்விட்டார். அம்மா ஒரு பெரிய பையில் அரிசி, பருப்பு, முருங்கைக்காய், நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "அவர் வந்தா, வேப்பம்பட்டு போயிருக்கேன்னு சொல்லுங்க," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கதை முழுவதும் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது.

மின்சார ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. அம்மாவோடு வாதாடிக்கொண்டு போனேன்.

"அரிசி கொடுத்தா சித்தி எப்படிம்மா வருவா?"

"அவ வரணும்னு கொண்டுபோகல."

"பின்ன எதுக்கு?"

"சாப்பிடுறதுக்கு."

"சாப்பிட்டா புத்தி வராதேம்மா."

எதிரே இருந்த பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பையை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "திருநின்றவூர் வந்துடுச்சு, அடுத்தது நாம இறங்கணும், எந்திரி," என்றாள்.

வேப்பம்பட்டில் இறங்கி நடக்கும்போது, பாதி வீடும் பாதி காலி மனையுமாக இருந்த தெருவில், சாக்கடை ஓரத்தில் நிஜமாகவே பன்றிகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றல்ல, குட்டிகளோடு ஒரு கூட்டம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதை சரியான பாதையில்தான் போகிறது. சித்தி பக்கத்தில் எங்காவது குச்சியோடு நிற்கிறாளா என்று தேடினேன். அம்மா யாரிடமும் வழி கேட்காமல் விறுவிறுவென்று நடந்தாள். ஒரு கேட்டுக்குள்ளிருந்து குரைத்துக்கொண்டு வந்த நாய், அம்மாவைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

பூசாத செங்கல் சுவரோடு ஒரு சின்ன வீடு. அதன் மொட்டை மாடியில் கேபிள் வயரைச் சரிசெய்துகொண்டிருந்த ஓர் ஆள் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, தடதடவென்று இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டியபடி தெருவில் ஓடி வந்தார். ஓடி வர வேண்டியவர் இவரே அல்ல. கதைப்படி இவர் பன்றிக்காரர்.

"வாங்க அண்ணி! இன்னா அண்ணி, ஒரு போன் பண்ணிர்ந்தா ஸ்டேசனுக்கு வந்துர்ப்பேனே. குடுங்க அத்த, நான் தூக்கினு வரேன். இது யாரு, நம்ம பாப்பாவா? உங்க சித்தி டெய்லி உன் பேச்சுதான் கண்ணு!"

சித்தி வாசலுக்கு வந்தாள். கன்னம் உப்பி, நன்றாகக் குண்டாகியிருந்தாள். வயிறும் பெரிதாக இருந்தது. உள்ளே பாப்பா இருக்கிறது என்று அம்மா காதில் சொன்னாள். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஏமாற்றமாகவும் இருந்தது. பஞ்சத்தின் அடையாளம் எங்கேயும் இல்லை. அடுக்களையில் அரிசி மூட்டை சுவரில் சாய்ந்து நின்றது. கொல்லையில் வாழை குலை தள்ளியிருந்தது. சித்தப்பா, அவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள், எங்கேயோ போய்க் கோழியோடு திரும்பி வந்தார். அவரே மசாலா அரைத்தார், அவரே சமைத்தார். சித்தி உட்கார்ந்துகொண்டு உப்புப் பார்த்தாள்.

"சித்தி, இங்க பஞ்சம் இல்லையா?" என்று கேட்டே விட்டேன்.

"பஞ்சமா?" சித்தப்பா கரண்டியோடு திரும்பினார். "எதுத்தாப்லயே ரேஷன் கட கீது கண்ணு. பஞ்சம் எப்டி வரும்?"

அம்மா வெள்ளிக்கிழமை நடந்ததைச் சித்தியிடம் சொன்னாள். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தவிடு என்ற இடத்துக்கு வந்தபோது அவளால் மூச்சே விட முடியவில்லை. பிறகு, "அத்தான் அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டாள். அம்மா ஊறுகாய் பாட்டிலைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்படி ஒரு கோழிக் குழம்பை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. ஆனால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. கன்றை அடிக்க வேண்டியது எங்கள் வீட்டில். இங்கே, தூர தேசத்தில், பன்றிக்காரர் எங்களுக்காகக் கோழியை அடித்து விருந்து வைக்கிறார். அப்படியானால் காணாமல் போனது யார்? வந்தது யார்? மனதுக்குள் சிலேட்டில் எழுதி எழுதித் துடைத்தேன். இரண்டாவது முறை குழம்பு வாங்கும்போதும் விடை வரவில்லை.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். வாசலுக்கு ஓடினேன். தெருவின் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார் அப்பா. தொழிற்சாலைச் சட்டை. தலையில் ஹெல்மெட். கண்ணாடியைக்கூட மேலே தூக்கவில்லை.

"அப்பா, உள்ள வாங்க, கோழிக் குழம்பு!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. சித்திக்கு எழுந்து வர நேரமாகும் என்பதால் சித்தப்பாதான் முதலில் வெளியே போனார். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி அப்பாவின் முன்னால் நின்றார்.

"வாங்கண்ணே. இன்னா வெயில்ல உக்காந்துகினு. உள்ள வாங்க."

"பரவாயில்லை. அவங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"ஒரு வாய் சாப்புட்டுப் போலாம்ணே."

"வேண்டாம்."

சித்தப்பா நகரவில்லை. வண்டியின் ஹேண்டில்பாரில் மெதுவாகக் கையை வைத்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்கண்ணே. அந்த முக்குல நீங்க வண்டிய நிப்பாட்டிகினு நின்னத நான் மூணு நாலு தபா பாத்துகிறேன். நான் ஓடியாந்து கூப்டறதுக்குள்ள திருப்பினு பூடுவீங்க. அவகிட்ட கூட நான் சொல்லல. இன்னிக்கு எதுத்த பக்கம் வரிக்கும் வந்துட்டீங்க. இன்னும் பத்தடிதாண்ணே கீது."

என் பின்னால் வந்து நின்றிருந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் ஹெல்மெட் கொஞ்சம் குனிந்தது. அதற்குள் சித்தி ஒரு சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, மெல்ல மெல்லத் தெருவைக் கடந்து போனாள். சொம்பை நீட்டினாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்.

"மாசம் எத்தனை?"

"ஏழு அத்தான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"திருவள்ளூர்ல, கவர்மென்ட்டு."

"இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாங்களா? ஒழுங்காச் சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன் அத்தான்."

ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சொம்பை வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்தார். தாடையிலும் சட்டையிலும் தண்ணீர் வழிந்தது. காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இவ்வளவு தூரம் வெயில்ல செருப்பில்லாம நடந்து வராத," என்றார். தெரு அத்தனை அகலமும் இல்லை. சித்தி சொம்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அப்பா வண்டியைக் கிளப்பினார். உள்ளே வரவில்லை.

அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். நான் எப்போதும்போல முன்னால், அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே நின்றுகொண்டேன். தெருமுனை திரும்பும்வரை சித்தியும் சித்தப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த முக்கு வந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை வெள்ளிக்கிழமைகள் குழம்பியது போக, ஒன்றாவது விளங்கியதே என்று உற்சாகமாக இருந்தது. பாவம், அப்பா மூன்று நான்கு தடவை இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். வீடு எது என்று அடையாளம் தெரியாமல், யாரிடமும் கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் போயிருக்கிறார்.

அதனால் நான் வழி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். "அப்பா, அடுத்த தடவை வழி தப்பாம வரணும்னா நல்லாக் கேட்டுக்கோங்க. ரயில்வே கேட் தாண்டினதும் பன்னி நிக்கும். அதுக்கப்புறம் தண்ணி டேங்க். டேங்குல இடது பக்கம் திரும்பினா ரேஷன் கடை. அதுக்கு நேர் எதிர் வீடுதான். சுவருக்குப் பூச்சு இருக்காது. நாய் ஒண்ணு குரைக்கும், பயப்படாதீங்க, அது ஒண்ணும் பண்ணாது."

வண்டி ரொம்ப மெதுவாகப் போனது. அப்பாவின் கைக்கு அடியில் குனிந்து திரும்பிப் பார்த்தேன். அம்மா அப்பாவின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்பாவின் கை ஒன்று ஹேண்டில்பாரை விட்டுவிட்டு ஹெல்மெட்டுக்குள் எதையோ துடைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு முக்கியமான விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேருமே கவனிக்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. ரயில்வே கேட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.